தெருச் சங்கத்தின் ஓராண்டுக் கணக்கு

ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை பார்வைக்கு மிக எளிய காகிதம். தட்டச்சு செய்து நகலெடுத்த நான்கைந்து பக்கம். எரியாத தெருவிளக்குகள் பற்றிக் கொடுத்த மனுக்கள், மழைக்கு முன் தூர் வாரப்பட்ட வடிகால்கள், முனை வீட்டருகே உடைந்து கிடந்த மேன்ஹோல் மூடி மாற்றப்பட்ட தேதி, பூங்காவுக்கு வாங்கிப் போட்ட பெஞ்சு, சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், கடைசிப் பக்கத்தில் தணிக்கையாளர் கையெழுத்தோடு வரவு செலவு. பொதுக்குழுவில் வாசித்து, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய, தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் கலைந்த பிறகு அது செயலாளர் வீட்டு அலமாரிக்குப் போய்விடும்.

நகரத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் அரசாணைகளையும் மாமன்றத் தீர்மானங்களையும் தேடிப் படிக்கிறார்கள். அவை என்ன செய்யப்பட வேண்டும் என்று சொல்பவை. தெருவில் என்ன நடந்தது, எப்போது நடந்தது, எத்தனை முறை கேட்ட பிறகு நடந்தது என்பதை அறிய அலமாரியில் கிடக்கும் அந்த நான்கைந்து பக்கங்களைவிட நெருங்கிய சான்று கிடையாது. சென்னையையும் அதன் புறநகரையும் எடுத்துக்கொண்டு, இத்தகைய சங்கங்கள் ஆண்டுதோறும் செய்யும் வேலை எதைச் சாதித்தது, எங்கே நின்றுபோனது என்று பார்க்க முயல்கிறேன். சங்கம் தன் கையால் செய்து முடித்த வேலை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. உள்ளாட்சியைச் செய்ய வைத்த வேலை நிலைக்கிறது. அப்படிச் செய்ய வைப்பதற்குச் சங்கத்திடம் உள்ள பெரிய மூலதனம் அதன் பதிவேடு. நான் வந்து சேர்ந்த முடிவு இது.

சங்கம் என்பது சட்டப்படி என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. ஏழு பேர் சேர்ந்து, துணைவிதிகள் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் ஆகியவற்றைத் தவறாமல் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கம் வேறு வகை. அதற்கு 1994இலிருந்தே தனிச் சட்டம் உண்டு. லிஃப்ட், மோட்டார், மொட்டைமாடிக் கசிவு என்று அதன் கவலை மதிற்சுவருக்குள் அடங்கும். தெருச் சங்கத்தின் கவலை மதிலுக்கு வெளியே தொடங்குகிறது. தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்த தெருக்களில் உரிமையாளர் சங்கம் வலுக்க, தெருச் சங்கம் மெலிந்துவருவதைக் காணலாம். மாதப் பராமரிப்புத் தொகையைத் தவறாமல் கட்டும் குடும்பத்துக்குத் தெருவுக்கென்று தனியாக ஆண்டுச் சந்தா கேட்டால் எதற்கு என்று தோன்றுகிறது. இது கவலைக்குரிய மாற்றம். கழிவுநீர் மதிலுக்குள் பொங்கினாலும் அடைப்பு இருப்பது தெருவில்தான்.

சங்கத்தின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் அதன் உண்மையான ஆண்டை வகுப்பது மழை. சென்னைக்கு ஆண்டில் சராசரியாகக் கிடைக்கும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. எனவே ஒன்பது மாதம் அந்த மூன்று மாதத்துக்கான தயாரிப்பு. ஏப்ரலில், முதல் முப்பது நாளுக்குள் சொத்துவரி கட்டினால் கிடைக்கும் ஐந்து சதவீத ஊக்கத்தொகையை உறுப்பினர்களுக்கு நினைவூட்டுவார்கள். கோடையில் மெட்ரோ வாட்டர் குழாயில் அழுத்தம் குறைந்தால் லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்வதும், வந்த லாரி தெருக்கோடி வரை தண்ணீர் ஊற்றியதா என்று பார்ப்பதும் வேலை. ஜூலை முதல் மாநகராட்சி வடிகால்களைத் தூர் வாரும். செப்டம்பர் இறுதிக்குள் முடிப்பதாக ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வரும். நவம்பர் வாக்கில் வாக்காளர் பட்டியல் திருத்த முகாம். பொங்கலை ஒட்டி ஒரு கலைநிகழ்ச்சி, மருத்துவ முகாம். பிப்ரவரி, மார்ச்சில் மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை.

இவற்றுள் வடிகால் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வடிகாலைத் தூர் வாருவது என்றால் மூடிகளைத் திறந்து வண்டலை அள்ளி வெளியே போடுவது. அள்ளிய வண்டல் ஈரமாக இருப்பதால் ஓரிரு நாள் சாலையோரத்தில் காயவிட்டு, பிறகு வண்டியில் ஏற்றுவார்கள். அந்த இடைவெளியில் ஒரு மழை பெய்தால் பாதி வண்டல் திரும்ப உள்ளே போகும். பதிவேட்டில் ‘தூர் வாரப்பட்டது’ என்று இருக்கும். வடிகால் பழையபடியே இருக்கும். இதைக் கண்காணிக்க முடிந்தவர்கள் தெருவில் குடியிருப்பவர்கள் மட்டுமே. எந்த மூடி திறக்கப்பட்டது, எது கார் நிறுத்தியிருந்ததால் விடப்பட்டது, எந்த நாளில் வண்டல் அகற்றப்பட்டது என்று தேதியோடு எழுதி வைத்திருக்கும் சங்கம், அக்டோபரில் நீர் தேங்கும்போது உதவிப் பொறியாளரிடம் ‘எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது’ என்று பொதுவாகச் சொல்லாது. ‘பதினான்காம் எண் வீட்டெதிரே உள்ள வண்டல் தொட்டி இந்த ஆண்டு திறக்கப்படவில்லை’ என்று சொல்லும். முதல் வாக்கியத்துக்குப் பதில் அனுதாபம். இரண்டாவதற்கு ஆள் அனுப்பியாக வேண்டும்.

சாலையின் உயரம் இன்னொரு வழக்கு. பழைய தார்த் தளத்தின் மேலேயே புதிய தளம் போட்டால் சாலை உயர்ந்துகொண்டே போகும். ஒரு தளத்துக்கு நான்கு சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் நான்கு முறையில் அரையடி. முப்பது ஆண்டுக்கு முன் வாசலில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. மழைநீர் வடிகாலின் வாய்கள் சாலை மட்டத்துக்குக் கீழே புதைந்துபோக, நீர் வடிகாலுக்குப் போகாமல் வீட்டுக்குள் போகிறது. வீட்டைத் தூக்கி உயர்த்தப் பல லட்சம் செலவழித்தவர்கள் சென்னையின் பழைய பகுதிகளில் நிறைய. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று சங்கங்கள் நெடுங்காலம் மன்றாடின. 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதை எல்லாத் துறைகளுக்கும் எழுத்துமூலம் அறிவுறுத்தினார். சங்கங்கள் பிறகு அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டன. ஆணை வந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. சுரண்டும் இயந்திரம் பெரிய பேருந்துச் சாலைக்கு வரும். பத்தடிச் சந்துக்கு வருவது அரிது. எவ்வளவு ஆழம் சுரண்டினார்கள், அதே அளவுதான் மீண்டும் போட்டார்களா என்று பார்க்க, ஒரு மதிற்சுவரில் பெயிண்டால் சாலை மட்டத்தைக் கோடு போட்டு வைப்பது போதும். இவ்வளவு எளிய அந்தச் செயல், ஒப்பந்தக்காரரோடு நடக்கும் வாய்த்தகராற்றை அளவு பார்க்கும் விவகாரமாக மாற்றிவிடுகிறது.

உதவிப் பொறியாளர் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போகிறார். ஒப்பந்தக்காரர் வேலை முடிந்ததும் போகிறார். கவுன்சிலர் ஐந்தாண்டில் மாறலாம். தெருவில் எந்த இடத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன, 2015 டிசம்பரில் நீர் எந்தப் பக்கமிருந்து நுழைந்தது, 2023இல் மிக்ஜாம் புயலின்போது எந்த மின் பெட்டி மூழ்கியது என்ற அறிவு அவர்களோடு போய்விடுகிறது. அதைத் தாங்கி நிற்கக்கூடிய ஒரே நிரந்தர அமைப்பு அந்தத் தெருவின் சங்கம். ஆண்டறிக்கையை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இது.

தன் கையால் வேலையை எடுத்துச் செய்த சங்கங்களின் கதை சென்னையில் மிகச் சிறப்பாகத் தொடங்கியது. 1989இல் வங்கி அதிகாரியான எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். அதன் கிளையான சிவிக் எக்ஸ்னோரா தெருவை அலகாகக் கொண்டது. ஏறக்குறைய நூறு வீடுகள் சேர்ந்து ஒருவரை நியமித்துக்கொள்ளும். அவர் மூன்று சக்கர வண்டியில் வீடுவீடாகக் குப்பையைச் சேகரித்து மாநகராட்சித் தொட்டி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. அதிலிருந்து அவருக்குச் சம்பளம். அவரைக் குப்பைக்காரர் என்று சொல்லாமல் தெருவை அழகுபடுத்துபவர் என்று குறிக்கும் பெயரை எக்ஸ்னோரா தந்தது. முன்பு குப்பை மேட்டில் பொறுக்கி வாழ்ந்த பலருக்கு அது மாதச் சம்பளமுள்ள வேலையானது. வீட்டு வாசலில் வந்து குப்பை வாங்கும் பழக்கம் மாநகராட்சியிலேயே இல்லாத காலம் அது. தொண்ணூறுகளில் அந்த ஏற்பாடு நகரெங்கும் பரவியது.

புறநகரில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற பம்மலில், 1994இல் ஸ்ரீ சங்கரா நகரின் மகளிர் மன்றத்துப் பெண்கள் சிலர் இதே வேலையில் இறங்கினார்கள். தெருவின் குப்பையைச் சேகரிப்பதோடு நில்லாமல் மட்கும் குப்பையை மண்புழு உரமாக்கினார்கள். வெறும் தெருச் சுத்தத்தைத் தாண்டிய யோசனை அது. பிற்காலத்தில் அந்த முயற்சி பம்மல் முழுவதற்கும் விரிந்தது.

ஆனால் சிவிக் எக்ஸ்னோராவின் ஏற்பாட்டில் ஒரு மெல்லிய கண்ணி இருந்தது. வீட்டிலிருந்து தெருமுனை வரை சங்கம். தெருமுனையிலிருந்து கொடுங்கையூர் அல்லது பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வரை மாநகராட்சி. மாநகராட்சி லாரி இரண்டு நாள் வரவில்லை என்றால் தொட்டி நிரம்பி வழியும். சங்கம் சேர்த்துக் கொடுத்த குப்பை மீண்டும் தெருவிலேயே பரவும். இன்னொரு சிக்கல் பணம். பத்து வீடு கட்டாவிட்டாலும் அவர்களுடைய குப்பையையும் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அது தெருவில் விழும். கட்டுபவர்களுக்குச் சலிப்பு வரும். 2000இல் அன்றைய பத்து மண்டலங்களில் மூன்றின் துப்புரவை மாநகராட்சி ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2007இல் நீல் மெட்டல் பனால்கா, பிறகு ராம்கி, 2020இல் உர்பேசர் சுமீத் என்று ஒப்பந்தங்கள் மாறின. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீடுவீடாகக் குப்பை சேகரிப்பதை உள்ளாட்சியின் கடமையாக்கின. ஒப்பந்த நிறுவனத்தின் வண்டி இலவசமாக வாசலுக்கு வரும்போது சங்கத்தின் வண்டிக்கு யார் பணம் தருவார்கள்? ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவாக அந்த ஏற்பாடு ஓய்ந்தது.

இதைத் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். வாசலில் குப்பை வாங்க முடியும், அதற்கு மக்கள் ஒத்துழைப்பார்கள் என்று காட்டியதே அந்தச் சங்கங்கள்தான். ஆனால் மாநகராட்சி அதை எடுத்துக்கொண்டபோது, சங்கங்கள் அந்த வேலையிலிருந்து கண்காணிப்புக்கு நகர்ந்திருக்க வேண்டும். பல சங்கங்கள் வேலை போனதும் கலைந்தன. வேலையே சங்கத்தின் அடையாளமாக இருந்ததால் வந்த விளைவு அது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குடியிருப்போர் நலச் சங்கங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தங்கள் பகுதியில் குப்பை தரம் பிரிக்கப்படுவதை உள்ளாட்சியோடு இணைந்து உறுதிசெய்யும் பொறுப்பை அவற்றிடம் தந்தன. அந்த நேரத்தில் பல தெருக்களில் அதை ஏற்றுக்கொள்ளச் சங்கம் என்று ஒன்று உயிரோடு இல்லை. அடையாறு கஸ்தூர்பா நகரில் குடியிருப்போர் சங்கம் தரம் பிரிப்பதைத் தொடர் முயற்சியாக எடுத்து நடத்தியது போன்ற எடுத்துக்காட்டுகள் உண்டு. அவை விதிவிலக்காகவே இருக்கின்றன.

சங்கங்கள் தாம் வேலை செய்யாமல் உள்ளாட்சியைச் செய்ய வைத்ததற்குத் தமிழ்நாட்டில் ஆலந்தூரைவிடச் சிறந்த சான்று இல்லை. விமான நிலையத்தை ஒட்டிய அந்த நகராட்சியில் ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் எல்லாம் அடங்கியிருந்தன. மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். பாதாளச் சாக்கடை அன்று கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரியை அழைக்க வேண்டும். கிணற்று நீரிலும் கொசுவிலும் அதன் விளைவு தெரிந்தது. 1996இல் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடையைக் கையில் எடுத்தார். மதிப்பீடு ஏறக்குறைய 34 கோடி ரூபாய். அந்த நகராட்சியின் வருமானத்துக்கு அது எட்டாத தொகை. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் வழியே கடனும் மானியமும் கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. கடனை அடைக்க மக்கள் இணைப்புக்குப் பணம் தருவார்களா என்பதுதான் கேள்வி.

அங்கேதான் குடியிருப்போர் சங்கங்கள் நுழைந்தன. ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை என்று முடிவானது. குழாய் ஒன்று கூடப் பதிக்கப்படுவதற்கு முன்பே அதைக் கட்ட வேண்டும். 1990களின் இறுதியில் 5,000 ரூபாய் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் சிறிய தொகை இல்லை. அரசாங்க வேலை என்றால் பணம் போய்விடும், குழாய் வராது என்ற ஐயம் இயல்பானது. நகராட்சி அதிகாரி வந்து சொன்னால் எடுபடாத செய்தியைச் சங்கத் தலைவர் சொன்னபோது கேட்டார்கள். சங்கக் கூட்டங்களில் திட்டம் விளக்கப்பட்டது. மாதக் கட்டணம் எவ்வளவு வரும் என்பதும் முன்கூட்டியே பேசப்பட்டது. ஒரே தவணையில் கட்ட முடியாதவர்களுக்குத் தவணை வசதி தரப்பட்டது. இப்படித் திரண்ட வைப்புத்தொகை திட்டத்தின் நிதியில் கணிசமான பங்காக நின்றதோடு, கடன் தருபவர்களுக்கும் நம்பிக்கை தந்தது. 2000இல் வேலை தொடங்கியது. குழாய்களை ஒப்பந்தத்திலும், சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கும் முறையிலும் அமைத்தார்கள். நகராட்சி அளவில் தனியார் பங்கேற்போடு நிறைவேறிய இந்தியாவின் முதல் பாதாளச் சாக்கடைத் திட்டங்களில் ஒன்றாக அது நகரியல் பாடங்களில் இன்றும் பேசப்படுகிறது. அத்தகைய பாடங்கள் பெரும்பாலும் நிதி ஏற்பாட்டையும் தனியார் ஒப்பந்தத்தையும் புகழ்கின்றன. அவற்றுக்கு முன்பாகத் தெருத்தெருவாக நடந்த பேச்சுவார்த்தை இல்லாமல் முதல் ஐயாயிரம் ரூபாய் வந்திருக்காது என்பதை அடிக்குறிப்பு அளவுக்கே சொல்கின்றன.

ஆலந்தூரிலும் கேள்வி கேட்க இடம் உண்டு. வைப்புத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற விதி கூலி வேலை செய்யும் குடும்பங்களை எங்கே விட்டது? தவணை வசதி ஓரளவுக்கே அதற்கு விடை. ஆயினும் எக்ஸ்னோராவின் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. ஆலந்தூரின் சங்கங்கள் சாக்கடை கட்டவில்லை. கட்டுவதற்கான நம்பிக்கையைத் திரட்டித் தந்தன. 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்து பன்னிரண்டாம் மண்டலமானது. நகராட்சி என்ற அமைப்பே போய்விட்டது. நிலத்தடியில் குழாய்கள் இருக்கின்றன.

மக்கள் பங்களிப்பை அரசு ஒரு திட்டமாகவே ஆக்கியது. 1990களின் இறுதியில் வந்த நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும். 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021இல் பழைய பெயருக்கே திரும்பியது. பூங்கா, விளையாட்டுத் திடல், நூலகக் கட்டடம், கண்காணிப்புக் கேமரா என்று இதன் வழியே வந்தவை நிறைய. நல்ல திட்டம்தான். ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிந்த பகுதிக்கு மூன்றில் இரண்டு பங்கு அரசுப் பணம் போகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் தணிக்கையாளரும் குடியிருக்கும் நகரில் விண்ணப்பம் ஒரு வாரத்தில் தயாராகும். அடுத்த தெருவில், வாரக் கூலி வாங்குகிறவர்கள் வாழும் வரிசை வீடுகளில், விளக்குக் கம்பம் சாய்ந்து கிடந்தாலும் பங்குத்தொகை திரட்ட யாரும் இல்லை. தேவை அதிகமுள்ள இடத்துக்கு முதலில் போக வேண்டிய பணம், திரட்டும் திறன் உள்ள இடத்துக்கு முதலில் போய்விடுகிறது.

இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் நேரடியாகவே எழுப்பியிருக்கிறார்கள். ஜான் ஹாரிஸ் 2000களின் நடுவில் சென்னையை ஆராய்ந்து, நலச் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் நடுத்தர வர்க்கத்தின் களமாக இருக்கின்றன, உழைக்கும் ஏழைகள் கட்சிகளின் வழியாகவே அரசை அணுகுகிறார்கள் என்று வாதிட்டார். 2009இல் கேரன் கொயலோவும் டி. வெங்கட்டும் எழுதிய ஆய்வு அந்தப் பிரிவினை அவ்வளவு நேரானது இல்லை என்றது. குடிசைப் பகுதிகளிலும் சங்கங்கள் உண்டு. நடுத்தர வர்க்கச் சங்கங்களும் கட்சிக்காரர்களை நாடத் தயங்குவதில்லை. தெருவைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் உண்மை என்று தெரியும். குடிசைப் பகுதியின் சங்கம் பதிவு செய்யப்படாமல் இருக்கலாம், லெட்டர்பேட் இல்லாமல் இருக்கலாம். லாரித் தண்ணீருக்காக வார்டு அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் அவர்கள்தான். ஆனால் பதிவுபெற்ற சங்கத்தின் துணைவிதிகளைப் படித்தால் உறுப்பினர் தகுதி பல இடங்களில் வீட்டு உரிமையாளருக்கு மட்டும் என்று இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் பார்வையாளர். தெருவில் இஸ்திரி வண்டி போட்டு நாளெல்லாம் அங்கேயே நிற்பவர், எந்த நேரத்தில் வடிகால் பொங்குகிறது என்று எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர், பொதுக்குழுவுக்கு வர முடியாது. நடைபாதைக் கடைகளை அகற்றக் கோரும் மனு சில சங்கங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அந்தக் கடையில் காய் வாங்குபவர்கள் அதே சங்கத்தின் உறுப்பினர்கள். துணைவிதியில் ஒரு திருத்தம் செய்து வாடகைதாரர்களைச் சேர்ப்பது கடினமான காரியமே இல்லை. செய்யாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீர்நிலை விஷயத்தில் இந்த எல்லைகள் தாமாகவே உடைகின்றன. புறநகரான சிட்லபாக்கத்தில் 2019 கோடையில், சென்னை முழுவதும் ஏரிகள் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஆண்டில், ஊர்க்காரர்கள் வார இறுதிகளில் மண்வெட்டியோடு ஏரியில் இறங்கினார்கள். வண்டலை முழுவதும் அள்ளிவிட முடியும் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தைக் கண்டபின் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கி ஏரிச் சீரமைப்பை அறிவித்தது. கைகளால் தோண்டியது சில வண்டி மண். அரசைத் தோண்ட வைத்தது அதன் பலன். இங்கும் ஆலந்தூரின் பாடமே வேறு வடிவில் தெரிகிறது.

உள்ளாட்சியைச் செய்ய வைப்பது என்றால் உள்ளாட்சி இருக்க வேண்டும். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கு மேல் சென்னையில் கவுன்சிலர் என்று யாரும் இல்லை. தனி அதிகாரி மட்டும். அந்த ஆண்டுகளில் பல பகுதிகளில் மண்டல அலுவலகத்துக்கும் மக்களுக்கும் நடுவே நின்றவை நலச் சங்கங்களே. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்த புகார்களின் எண்களைக் குறித்து வைத்து, நிலுவையை மாதந்தோறும் கேட்டுவந்தார்கள். அது பாராட்டத் தக்கது. அதே நேரத்தில், யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத அமைப்பு ஒரு பகுதிக்கே குரலாக நின்றது என்பதில் உள்ள ஆபத்தையும் மறைக்கக் கூடாது. சங்கம் இல்லாத தெருக்களுக்கு அந்த ஐந்தாண்டில் குரலே இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகர்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு; அதன் கீழே வார்டைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைகள். சென்னையில் 200 வார்டுகள், வார்டுக்குப் பத்துச் சபை. ஊராட்சிகளின் கிராம சபைக்கு இணையாக நகரத்தில் முதன்முறையாக ஓர் அரங்கம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்ட சபை தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்தது. பெண்கள் மன்றம் குப்பை வண்டியோடு தெருவில் இறங்கிய அதே பம்மல்.

பகுதி சபையில் யார் உறுப்பினர் என்பது சங்கங்கள் உற்றுப் பார்க்க வேண்டிய செய்தி. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். பட்டியலில் பெயர் இருந்தால் வாடகைதாரர், வீட்டு வேலை செய்பவர், இஸ்திரி வண்டிக்காரர் எல்லோரும் அதில் அடக்கம். சந்தா கிடையாது. சங்கத்தின் துணைவிதி வெளியே நிறுத்தியவர்களை இந்தச் சட்டம் உள்ளே அழைக்கிறது. குறைகள் உண்டு: சபையிலிருந்து வார்டு குழுவுக்குப் போகும் பிரதிநிதி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார். கூட்ட அறிவிப்பு பல இடங்களில் கடைசி நேரத்தில் வருகிறது. வந்தவர்கள் குறையைச் சொல்கிறார்கள், அதிகாரி குறித்துக்கொள்கிறார், அடுத்த கூட்டத்தில் அதே குறை மீண்டும் சொல்லப்படுகிறது.

சங்கத்தின் பதிவேட்டுக்கு இனி வேலை இங்கேதான். பகுதி சபைக்கு இடம் இருக்கிறது, நினைவு இல்லை. சங்கத்துக்கு நினைவு இருக்கிறது, எல்லோருக்கும் இடம் இல்லை. சங்கத்தின் செயலாளர் தன் ஆண்டறிக்கையைப் பகுதி சபையில் வைத்து வாசிக்கலாம். தூர் வாராமல் விடப்பட்ட மூடிகள், மட்டக் கோட்டுக்கு மேல் உயர்ந்த சாலை, கடந்த ஆண்டு கேட்டும் கிடைக்காதவை ஆகியவற்றைத் தேதியோடும் புகார் எண்ணோடும் பட்டியலாகக் கொடுத்து, அதைத் தீர்மானமாக்கி, அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று பதியச் சொல்லலாம். பக்கத்துத் தெருவின் குடிசைப் பகுதிக் கோரிக்கையும் அதே பட்டியலில் இடம்பெறலாம். வடிகால் இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான். இதற்கு நாள் பார்த்துச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கை பிப்ரவரியிலோ மார்ச்சிலோ மாமன்றத்துக்கு வரும். அதற்கு முந்தைய சபைக் கூட்டத்தில் பட்டியல் போய்ச் சேர்ந்தால் அடுத்த மழைக்கு முன் வேலைக்கு நிதி கேட்க முடியும். கோடையில் நடக்கும் பொதுக்குழு வரை காத்திருந்தால் அந்த ஆண்டின் பணம் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். ஆகவே செயற்குழுக்கள் ஆண்டறிக்கையின் வரைவை டிசம்பரிலேயே எழுதத் தொடங்க வேண்டும். மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், எங்கே நீர் நின்றது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.